கை மரத்துப்போகிறவர்களுக்கு: கைரோபிராக்டிக் போவதற்கு முன்னும் பின்னும்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் 16 வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். ஒரு நாள் ஊசிக்கு நூல் கோக்கும்போது, ஊசி விரலுக்கு நடுவில் இருக்கிறதா கீழே விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு ஐந்தாறு மாதம் முன்பிருந்தே ராத்திரி இரண்டரை மணிக்குக் கை மரத்து எழுந்துவிடுவேன். எதிரே ரப்பர் விளையில் பால்வெட்டுக்காரர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பது ஜன்னல் வழியே தெரியும். அதைப் பார்த்தபடி கையை உதறுவேன், உணர்வு திரும்பும், படுத்துவிடுவேன்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வரும் இதற்குக் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். எனக்குக் குணமாகிவிட்டது. ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் நான்கு மாதத்தை வீணாக்கினேன். இப்போது கடைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் இதே தொந்தரவைச் சொல்கிறார்கள். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பீலிங் வேலை பார்க்கிறவர்கள், ரப்பர் வெட்டுகிறவர்கள், நாளெல்லாம் பைக் ஓட்டுகிறவர்கள். போனில் கழுத்தையும் முதுகையும் கையால் அசைத்துச் சொடக்கும் கைரோபிராக்டிக் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "கைரோபிராக்டிக் போனால் சரியாகுமாமே, போகட்டுமா?" என்று கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. இந்த வழியில் நடந்து பார்த்தவள். எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த விரல் என்று பாருங்கள்

என் மைனி அண்டியாபீஸில் 20 வருடத்துக்கு மேல் பீலிங்கில் இருந்தவர். வறுத்து உடைத்த பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைச் சின்னக் கத்தியாலும் நகத்தாலும் எடுக்கிற வேலை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுவதும் கிள்ளிக்கொண்டே இருக்கும். "கை முழுக்க மரக்குது" என்றுதான் அவரும் சொன்னார்.

"சுண்டுவிரலும் மரக்குதா மைனி?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் ஒவ்வொரு விரலாக இன்னொரு கையால் தேய்த்துப் பார்த்தார். "இல்ல. அதுக்கு ஒண்ணும் இல்ல. மோதிர விரல்லயும் இந்தப் பாதிதான்."

அந்தப் பதில்தான் முக்கியம். மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கை தொடங்குகிற இடத்தில் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அடியிலும் பக்கத்திலும் மணிக்கட்டின் சிறு எலும்புகள், மேலே கூரை போல ஒரு கெட்டியான பட்டை. அந்தப் பாதை வழியாக விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ, உடம்பில் நீர் கோத்தாலோ, பாதை இறுகும். கூட்டத்தில் மெத்தென்று இருப்பது நரம்புதான், அதனால் நசுங்குவதும் அதுதான். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பெருவிரல் பக்கத்துப் பாதி ஆகியவற்றின் உணர்வு இந்த நரம்பில் வருகிறது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது இந்தப் பாதை வழியே போவதில்லை.

ஆகவே மரப்பு சுண்டுவிரலில் இருந்தால் முழங்கையில் சிக்கல் இருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து சுள்ளென்று இறங்கினால் கழுத்து எலும்புகளுக்கிடையே நரம்பு அழுத்தப்படலாம். இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தால் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி தொங்கவிட்டு, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அந்த மூன்றரை விரல்களில் மரப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது.

இதோடு பெருவிரலின் அடியில் உள்ள சதைமேட்டை மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். மேடு தட்டையாகியிருந்தாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனாலோ, மரப்பு விட்டுவிட்டு வராமல் பகலெல்லாம் நிலைத்துவிட்டாலோ, கைமுறை சிகிச்சை எதற்கும் போகாமல் நேராக எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ போய்விடுங்கள். மைனிக்கு வலது கையில் அந்த மேடு குழிந்திருந்தது. இத்தனை வருடம் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, அவரும்தான். திடீரென்று ஒரு பக்கக் கை செயலற்றுப் போய், முகம் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து, ஒரு ரத்தப் பரிசோதனை

சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. நான்கு மாதம் அலைந்த பிறகு ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தார், தைராய்டு குறைவு என்று வந்தது. தைராய்டு குறைந்தால் திசுக்களில் நீர் கோத்துக் கையில் இந்தப் பாதை இறுகும். எலும்பை எத்தனை தரம் பிடித்து அசைத்தாலும் அது தீராது, மாத்திரை வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கடைசி மாதங்களில் இப்படி வருவதுண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மெல்ல விட்டுப்போகும். முடக்குவாதம் இருக்கிறவர்களும், எப்போதாவது மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்களும் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்று ராத்திரியே தொடங்கக்கூடியது

மணிக்கட்டு ஸ்பிளிண்ட், மணிக்கட்டு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் கட்டு. மெடிக்கல் ஸ்டோர்களில் கிடைக்கும். நாம் தூங்கும்போது கையை மடக்கித் தலைக்கடியிலோ கன்னத்தடியிலோ வைத்துக்கொள்கிறோம். மணிக்கட்டு மடங்கினால் பாதைக்குள் அழுத்தம் ஏறுகிறது, ராத்திரியில் மரப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஸ்பிளிண்ட் மணிக்கட்டை நேராக வைக்கும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். உள்ளே ஒரு அலுமினியப் பட்டை இருக்கும். நிறைய ஸ்பிளிண்டுகளில் அதை மேல்நோக்கி வளைத்தே விற்கிறார்கள். இந்த நோய்க்குக் கை நேராக இருப்பதுதான் நல்லது. பட்டையை உருவியெடுத்து, மேசை விளிம்பில் வைத்து மெதுவாக நிமிர்த்தி, திரும்பச் செருகிக்கொள்ளுங்கள். விரல்கள் எல்லாம் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் ஸ்பிளிண்டே நரம்பை அழுத்தும், அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு தளர்வு வேண்டும். நம் ஊர் புழுக்கத்தில் உள்ளே வேர்த்து அரிக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் மெல்லிய உறை இரண்டு தைத்து, முதலில் அதைப் போட்டு மேலே ஸ்பிளிண்ட் கட்டினேன். ஒன்றைத் துவைத்தால் மற்றது கைக்கு இருக்கும்.

ஆறு வாரமாவது தினமும் ராத்திரி போடுங்கள். நான்கு நாள் போட்டுவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று கழற்றி எறிந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கைரோபிராக்டிக் என்ன செய்யும், என்ன செய்யாது

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் டி. டி. பால்மர் தொடங்கிய கைமுறை சிகிச்சை இது. முதுகெலும்பை அசைத்துச் சரிசெய்வதுதான் அதன் மையம். கை மரப்போடு வருகிறவர்களுக்கு மணிக்கட்டின் சிறு எலும்புகளை மெல்ல அசைப்பது, முன்கைத் தசையை நீவி இளக்குவது, நரம்பு வழுக்கி நகர்வதற்கான பயிற்சி கொடுப்பது ஆகியவற்றையும் செய்வார்கள். கழுத்தையும் பார்ப்பார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு: கழுத்தில் ஒரு அழுத்தமும் மணிக்கட்டில் ஒரு அழுத்தமும் சேர்ந்தால் நரம்பு இன்னும் நொந்துபோகும் என்ற கருத்து 1973-லிருந்தே மருத்துவ உலகில் பேசப்பட்டு வருகிறது.

பலன் உண்டா? 1998-இல் அமெரிக்காவில் 91 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 9 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு இபுபுரோஃபென் மாத்திரையும் இரவு ஸ்பிளிண்டும். இன்னொரு குழுவுக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சையும் அல்ட்ராசவுண்டு என்ற ஒலியலைச் சிகிச்சையும் இரவு ஸ்பிளிண்டும். இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியது. கவனியுங்கள், ஸ்பிளிண்ட் இரண்டு பக்கமும் இருந்தது. 2015-இல் ஸ்பெயினில் 120 பெண்களிடம் நடந்த ஆய்வில், பிசியோதெரபி முறையிலான கைமுறை சிகிச்சையை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் இரண்டும் ஒரே அளவில் நின்றன. அங்கே கொடுத்தது வாரம் ஒன்றாக மூன்றே மூன்று அமர்வுகள்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆரம்ப நிலையிலும் நடுத்தர நிலையிலும் தேர்ந்த கை தொட்டால் சுகம் கிடைக்கலாம், முயன்று பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதுவே தனியாக எல்லாவற்றையும் மிஞ்சும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஸ்பிளிண்டையும் ரத்தப் பரிசோதனையையும் விட்டுவிட்டு அதற்கு மட்டும் போவது நரம்புக்கு நல்லதில்லை. சொடக் என்று கேட்கும் சத்தத்தை நோய் தீர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். நரம்பின் மேல் இருக்கும் பட்டை அதனால் தளர்வதில்லை.

யாரிடம் போவது

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று தனி கவுன்சில் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுமையான கைரோபிராக்டிக் படிப்புக்கு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி வேண்டும் என்கிறது. நான்கு வருட முழுநேரப் படிப்பு அது. நம் பக்கத்தில் சில நாள் வகுப்புக்குப் போய்விட்டுப் பலகை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். "எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம்?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். முறையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார். முழுப் படிப்புப் படித்த கைரோபிராக்டர் பக்கத்தில் இல்லையென்றால், பட்டம் பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் போகலாம். மணிக்கட்டை அசைப்பதும் நரம்புப் பயிற்சியும் அவர்கள் படிப்பிலும் உண்டு. நான் கடைசியில் தேறியது அப்படி ஒருவரிடம்தான்.

இந்த மண்ணில் வர்மத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 108 வர்மங்களையும் விரல் நுனியில் வைத்திருக்கும் ஆசான்கள் வாழ்கிற ஊர் இது. சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் என் அப்பா அவர்களிடம்தான் போவார், எனக்கும் அந்த மரியாதை உண்டு. ஆனாலும் கை மரப்புக்குப் போகிறவர்கள் அங்கேயும் விரல் கணக்கையும் சதைமேட்டையும் சொல்லுங்கள். சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர்களில் வர்மம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பரிசோதனையும் எழுதித் தருவார்கள் என்பதால் அவர்களிடம் போவது நல்லது.

என் நான்கு மாதம் போனது ஒரு சிகிச்சை இடத்தில். பத்து அமர்வுக்கு முன்பணம் வாங்கினார்கள். முதல் நாளே படுக்க வைத்துக் கழுத்தைச் சட்டென்று திருப்பினார்கள், இரண்டு நாள் தலை சுற்றியது. ஒருவரும் என் பெருவிரலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "அடுத்த அமர்வில் தெரியும்" என்றார்கள். கழுத்தைச் சட்டென்று முறுக்கினால் மிக அரிதாக அங்கே ஓடும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம் என்று பின்னால்தான் அறிந்தேன். மணிக்கட்டுக்காகப் போகிற நீங்கள் "கழுத்தைத் திருப்ப வேண்டாம்" என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். எலும்புத் தேய்மானம், முடக்குவாதம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

நல்ல சிகிச்சையாளர் முதல் நாளில் கேள்விதான் அதிகம் கேட்பார். எந்த விரல், எந்த நேரம், என்ன வேலை, சர்க்கரை உண்டா. பஞ்சாலோ விரல் நுனியாலோ தொட்டு உணர்வைச் சோதிப்பார். பெருவிரலை அழுத்திப் பலம் பார்ப்பார். கழுத்தை உங்களையே திருப்பச் சொல்வார். அதற்குப் பிறகுதான் கை வைப்பார். செய்யும்போது மின்சாரம் பாய்ந்தது போல விரலுக்கு ஓடினால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். எத்தனை அமர்வில் என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம் என்பதை அவரே சொல்ல வேண்டும். முன்பணம் மொத்தமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

களியக்காவிளையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

நம்மில் பலர் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய்த்தான் காட்டுகிறோம். அங்கே ஒரு வார்த்தைச் சிக்கல் இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். "சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை" என்றேன். மலையாளத்தில் சூண்டுவிரல் என்றால் ஆள்காட்டி விரல். அங்கிருந்த பெண் ஆள்காட்டி விரல் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். நோயின் தலையெழுத்தே மாறிப்போயிற்று. சுண்டுவிரலுக்கு அவர்கள் செறுவிரல் என்பார்கள், பெருவிரலுக்குத் தள்ளவிரல். இத்தனையும் நினைவு வைக்க முடியாவிட்டால் விரலைத் தொட்டுக் காட்டுங்கள். இன்னும் நல்லது, வீட்டிலேயே ஒரு தாளில் உள்ளங்கையை வைத்து வரைந்து, மரக்கிற இடத்தைப் பென்சிலால் நிரப்பி எடுத்துப் போங்கள். மரத்துப்போவதை மரவிப்பு என்றும், விறுவிறுவென்று இருப்பதைத் தரிப்பு என்றும் சொன்னால் அங்கே உடனே புரியும்.

நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்

அளவு எடுக்கிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரே ஒரு எண் எழுதினேன்: நேற்று ராத்திரி எத்தனை தடவை கை மரத்து விழித்தேன். 3, 3, 4, 2 என்று போகும். எழுதாவிட்டால், போன வாரத்தை விடத் தேவலையா என்று யார் கேட்டாலும் அன்றைய மனநிலையைத்தான் சொல்வோம். மாத்திரையும் ஸ்பிளிண்டும் பிசியோதெரபியில் ஐந்து அமர்வுமாக ஆறாவது வாரத்தில் எனக்குப் பூஜ்யங்கள் வரத் தொடங்கின.

ஆறு வாரத்துக்குப் பிறகும் எண் பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால் கைமுறை சிகிச்சையை நீட்டாதீர்கள். மருத்துவரிடம் போய் நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் முதலில் காட்டலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறவர்கள் அந்த அட்டையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அது உங்கள் பணம்.

மருத்துவர் ஸ்டீராய்டு ஊசி சொல்லலாம். சில வாரமோ சில மாதமோ நன்றாக இருக்கும், சிலருக்குத் திரும்ப வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் பார்த்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் பயப்படுகிறார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து, கூரை போல இருக்கும் அந்தப் பட்டையை வெட்டி விடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம், 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். ராத்திரி மரப்பு சீக்கிரம் விட்டுவிடும். பிடியின் பலம் வர சில மாதம் ஆகும்.

வேலையை விடாமல் கையைக் காப்பாற்ற

சிகிச்சை எதுவானாலும், கையை நசுக்குகிற பழக்கம் அப்படியே இருந்தால் பழைய நிலைதான். நான் கத்தரியைச் சாணை பிடிக்காமல் வருடக்கணக்கில் அழுத்தி வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கூர் மங்கியவுடன் கொடுத்துவிடுகிறேன், உட்கார்ந்து வெட்டுவதை விட்டு நின்று வெட்டுகிறேன், மணிக்கட்டு வளைவதில்லை. ரப்பர் வெட்டுகிறவர்களுக்கும் கத்திக் கூர்தான் விஷயம். மங்கிய கத்தி மரத்தையும் கெடுக்கும் கையையும் கெடுக்கும். துணி பிழியும்போது குழாயில் சுற்றி இழுத்துப் பிழியுங்கள், மணிக்கட்டை முறுக்காதீர்கள். பைக் ஆக்ஸிலேட்டரை இறுகப் பிடிக்க வேண்டாம், சிக்னலில் நிற்கும்போது கையை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கற்றுத் தந்த நரம்புப் பயிற்சி இது. கையை முஷ்டியாகப் பிடியுங்கள். விரல்களை நேராக நீட்டுங்கள், பெருவிரல் ஒட்டியே இருக்கட்டும். மணிக்கட்டைப் பின்பக்கம் சாயுங்கள். பெருவிரலைத் தள்ளி விரியுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்கையைத் திருப்புங்கள். கடைசியாக மற்றக் கையால் பெருவிரலை மெல்லப் பின்னால் இழுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஐந்தாறு நொடி. ஐந்து தடவை, காலையும் மாலையும். இழுப்பு தெரியலாம், மரப்பு கூடக் கூடாது. கூடினால் முந்தின நிலையோடு நிறுத்திவிடுங்கள்.

மைனிக்குச் சதைமேடு குழிந்துவிட்டதால் ஸ்பிளிண்டோடு நிறுத்த முடியவில்லை, அறுவை செய்தார்கள். ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். நடுவிரல் நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறது, மேடும் முழுதாகத் திரும்பவில்லை. மூன்றாவது மாதம் வேலைக்குப் போனபோது மேஸ்திரியிடம் கேட்டு பீலிங்கிலிருந்து கிரேடிங்குக்கு மாறிக்கொண்டார். பருப்பை ரகம் பிரிக்கிற வேலை, கிள்ள வேண்டியதில்லை. கூலியில் கொஞ்சம் வித்தியாசம் வருகிறது. போன வாரம் கடைக்கு வந்து, ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டிக் காட்டினார்.